60-ஐ நெருங்கும் வணிகர்களும் அரசு மருத்துவக் காப்பீடும்

பங்குனிக் கடைசியில் சரக்கிருப்பு எடுக்காத கடை நம் ஊரில் இருக்க முடியாது. மூட்டைகளை எண்ணி, பாக்கி வர வேண்டியவற்றை எழுதி, கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, ஐந்தொகை போட்டுப் பார்த்த பிறகுதான் சித்திரையில் புதுக்கணக்கு எழுதுகிறோம். ஒரு டின் எண்ணெய் குறைந்தாலும் நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால் கடையை நடத்துகிறவரின் உடல்நிலைக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்ற கணக்கை மட்டும் நம்மில் பெரும்பாலோர் ஒருநாளும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அரசு ஊழியருக்கு இந்தக் கவலை குறைவு. தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அந்த நாள் எது என்பது பணியில் சேரும்போதே தெரியும். ஓய்வு பெற்றதும் ஓய்வூதியம் வருகிறது. அதிலிருந்தே மாதம் ஒரு தொகை பிடிக்கப்பட்டு மருத்துவக் காப்பீடும் தொடர்கிறது. அவர் மறந்தாலும் அலுவலகம் மறப்பதில்லை. வணிகருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. 60 ஆனாலும் 72 ஆனாலும் காலையில் கடை திறக்கிறோம். ஆகவே "உங்களுக்கு வயதாகிவிட்டது, இந்தப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்" என்று நம்மைத் தேடி வந்து சொல்ல எந்த அலுவலகமும் இல்லை. அந்த நாளை நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த பருப்பு மொத்த வணிகர் ஒருவர் 64-ஆம் வயதில் திடீரென்று நெஞ்சுவலியால் படுத்தார். காப்பீடு எதுவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட, பண்டிகைக்கென்று வாங்கி அடுக்கியிருந்த சரக்கை வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டார்கள். மில்லுக்குத் தர வேண்டிய தவணை தவறியது. அடுத்த லோடு கடனுக்கு வரவில்லை. மனிதர் பிழைத்துக்கொண்டார், கடை பழைய நிலைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. மருத்துவச் செலவு லாபத்திலிருந்து போவதில்லை, முதலிலிருந்து போகிறது என்பதை அவர் குடும்பம் அன்றுதான் கண்டது. "சர்க்காரில் ஏதோ அட்டை கொடுக்கிறார்களாமே, அது நமக்கு உண்டா?" என்று அவர் மகன் நம்மிடம் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல, காலமும் அதுவல்ல. அதற்கான பதிலை உறுப்பினர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. மத்திய அரசு 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் நம் மாநிலத்தில் இதனுடன் இணைத்தே நடத்தப்படுகிறது. அந்த இணைப்புக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி ஏற்பட்டது.

இதில் சேர வயது வரம்பு கிடையாது. வருமான வரம்புதான் உண்டு. முன்பு ஆண்டுக் குடும்ப வருமானம் 72,000 ரூபாய் என்று இருந்த வரம்பு 2022-ல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 10,000 ரூபாய் என்று கணக்கு. பெட்டிக்கடை, தள்ளுவண்டி, சிறு காய்கறிக் கடை நடத்துவோரில் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். அப்படி வருபவர்கள் 60 வரை காத்திருக்கத் தேவையில்லை; இன்றே சேரலாம். வருவாய்த் துறையினரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் குடும்பம் என்ற கணக்கில் அடங்குவர். பிரிமியம் எதுவும் நாம் கட்ட வேண்டியதில்லை. சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். மகன் தனிக்குடித்தனம் போய்ப் புது அட்டை வாங்கும்போது, முதியவர்களின் பெயர் பழைய அட்டையில் நீக்கப்பட்டு, புதியதிலும் ஏறாமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அரிசி வாங்காதவர்கள் பல ஆண்டுகள் இதைக் கவனிப்பதே இல்லை. அட்டையை எடுத்து ஒருமுறை பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வரம்புக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் குறைத்துக் காட்டிச் சான்று வாங்க முயல வேண்டாம். நம் கொள்முதலும் விற்பனையும் ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கின்றன, வருமானவரிக் கணக்கும் இருக்கிறது. ஒரு கையால் ஒரு கணக்கும் மறுகையால் இன்னொரு கணக்கும் எழுதியவருக்கு நெருக்கடி நேரத்தில் அந்த அட்டை செல்லாக்காசாகிவிடும். அது மட்டுமன்று, உண்மையிலேயே இல்லாதவருக்குச் சேர வேண்டிய உதவி அது.

70 வயதுக்கு மத்திய அரசின் அட்டை

நடுத்தர வணிகர்களுக்கு முக்கியமான செய்தி இதுதான். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை என்று பெயர். இதில் வருமான வரம்பு கிடையாது. வாடகைக் கடை வைத்திருப்பவரும் சொந்தக் கட்டடத்தில் மண்டி வைத்திருப்பவரும் இதில் ஒன்றுதான். பிரிமியம் இல்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் என்று முன்பே எந்த நோய் இருந்தாலும் தடையில்லை. காத்திருப்புக் காலமும் இல்லை.

ஆனால் சரக்கு வாங்கும்போது எடை பார்ப்பதுபோல் இதிலும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு 5 லட்சம் என்பது தலைக்கு 5 லட்சம் அன்று. கணவன், மனைவி இருவருக்கும் 70 நிறைந்திருந்தால் இருவருக்கும் சேர்த்தே 5 லட்சம். ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து தனி அட்டை பெற வேண்டும். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இருந்தால், 70 நிறைந்தவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம் கிடைக்கும்.

கணவருக்கு 70, மனைவிக்கு 64 என்றால் அட்டை கணவருக்கு மட்டுமே. "எனக்கு அட்டை வந்துவிட்டது, வீட்டுக்கே வந்த மாதிரி" என்று நினைத்து, துணைவியாரின் பேரில் இருந்த தனியார் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது.

தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் இந்த அட்டையைப் பெறலாம். அதை விட்டுவிட வேண்டிய கட்டாயமில்லை. மத்திய அரசு ஊழியர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கான மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவுக்கு ஆதார் கட்டாயம். ஆயுஷ்மான் செயலி மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்ய வசதி உள்ளது. 14555 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நம் மாநிலத்தில் மத்தியத் திட்டமும் மாநிலத் திட்டமும் இணைந்து நடப்பதால், முதலில் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி பதிவு செய்வது நல்லது. அட்டை கையில் வந்த பிறகு, நாம் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அதை ஏற்கிறதா என்பதையும் நேரில் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை கையில் இருப்பது வேறு, ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்வது வேறு.

ஆதாரில் என்ன வயது?

70 நிறைந்ததா என்பதை அரசு ஆதாரில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஜாதகத்தைப் பார்த்து அன்று. இங்கேதான் நம் தலைமுறை வணிகர்களில் பலருக்குச் சிக்கல் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கடைக்கு வந்தவர்களிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லை. ஆதார் எடுக்க வரிசையில் நின்றபோது வயதைக் கேட்டார்கள், ஏதோ ஒரு வயதைச் சொன்னோம், அதுவே பதிவாகிவிட்டது. உண்மையில் 1954-ல் பிறந்தவருக்கு ஆதாரில் 1958 என்று இருந்தால், 2024-ல் கிடைக்க வேண்டிய உரிமை 2028 வரை தள்ளிப்போகிறது. அந்த நான்கு ஆண்டுகள் வாழ்க்கையில் எந்த நான்கு ஆண்டுகள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தலாம். ஆனால் பொதுவாக ஒரே ஒரு முறைதான் அதற்கு அனுமதி. ஆகவே அவசரப்பட்டு ஓடக்கூடாது. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் போன்ற ஆவணங்களில் எது நம்மிடம் இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். பிறந்த ஊரின் பழைய பதிவேடுகளில் பெயர் இருக்கலாம், விசாரித்தால் கிடைக்கக்கூடும். பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆகியவற்றில் உள்ள தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். 69-ல் தொடங்க வேண்டிய வேலையன்று இது. 58-லேயே தொடங்க வேண்டும்.

இன்னொன்று. பதிவின்போது ஆதாருடன் இணைத்த செல்பேசிக்கு ஓ.டி.பி. எண் வரும். அந்த எண் இப்போதும் நம்மிடம் இருக்கிறதா? பலருக்கு அது எப்போதோ மாற்றிவிட்ட எண்ணாக இருக்கும். பெண்கள் பெயரில் பெரும்பாலும் எண்ணே இணைக்கப்பட்டிருக்காது. மூட்டை தூக்கியும் நோட்டு எண்ணியும் ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்க மறுப்பதும் உண்டு. செல்பேசி எண்ணை இப்போதே புதுப்பித்து வைத்தால் அன்று அலைய வேண்டாம்.

60-க்கும் 70-க்கும் நடுவே

மாநிலத் திட்டத்தின் வருமான வரம்புக்கு மேல் இருப்பவர். இன்னும் 70 ஆகவில்லை. இவருக்கு அரசுத் திட்டம் எதுவும் கைகொடுப்பதில்லை. மேலே சொன்ன பருப்பு வணிகர் இந்த இடத்தில்தான் விழுந்தார். இந்தப் பத்தாண்டுகளுக்குத் தனியார் அல்லது பொதுத்துறை நிறுவனத்தின் மருத்துவ பாலிசி ஒன்றுதான் வழி. அதை எப்போது எடுப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

பாலிசி எடுக்கும் முன்பே உள்ள நோய்களுக்கு நிறுவனங்கள் காத்திருப்புக் காலம் வைக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்; அதற்கு முன் நான்கு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை உள்ள ஒருவர் 57-ல் பாலிசி எடுத்தால், காத்திருப்பு மூன்று ஆண்டு என்றாலும் 60-ல் முழுப் பாதுகாப்பு வந்துவிடும். 60-ல் எடுத்தால் 63-ல் வரும். 67-ல் எடுத்தால், காத்திருப்பு முடியும்போது அவருக்கு 70 ஆகிவிடும். அப்போது காத்திருப்பே இல்லாத அரசு அட்டையும் கிடைக்கும் வயது வந்துவிடும். மிகவும் தேவைப்பட்ட மூன்று ஆண்டுகள் அந்த நோய்களுக்குப் பாதுகாப்பு இல்லாமலே போய்விடும்.

65 வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாலிசி இல்லை என்ற பழைய வரம்பு 2024-ல் நீக்கப்பட்டுவிட்டது. மூத்த குடிமக்களின் பிரிமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரிமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. 20,000 ரூபாய் பிரிமியம் என்றால் 3,600 ரூபாய் மிச்சம். பழைய முறையில் வருமானவரி செலுத்தும் மூத்த குடிமக்களுக்கு 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. ஆனால் பிரிமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அந்தக் கழிவு கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கட்டுங்கள்.

விண்ணப்பத்தில் உள்ள நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். முகவர் "அதெல்லாம் எழுத வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லலாம். பணம் கேட்டுப் போகும்போது அந்த முகவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

அரசுத் திட்டங்கள் பொதுவாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் டாக்டர் பீஸுக்கும் இவற்றை நம்ப முடியாது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்துச் செலவும் அடங்கும்.

திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டுமே அட்டை செல்லும். சேர்ந்தவுடன், அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் காட்டிவிட வேண்டும். அவர்கள் ஒப்புதல் பெற்ற பிறகே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை நடக்கும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். இது ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான ஏற்பாடு. அட்டை எங்கே இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மயங்கிக் கிடப்பவர் அட்டையை எடுத்துக் கொடுக்க முடியாது. கல்லாப் பெட்டிச் சாவி யாரிடம் என்று வீட்டில் தெரிவதுபோல் இதுவும் தெரிய வேண்டும்.

அட்டை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களையும், தொலைபேசியில் ஓ.டி.பி. எண் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம்.

நம்மோடு வயதானவர்கள்

கடையில் நம்மோடு முப்பது ஆண்டு உழைத்த கணக்குப்பிள்ளைக்கும் வயதாகியிருக்கும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளில், ஊதிய வரம்புக்குள் வருபவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதில் இருந்து, ஓய்வு வயதில் வேலையை விடுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் தன் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். இது பல தொழிலாளிகளுக்குத் தெரியாது; முதலாளிகளுக்கும் தெரியாது. அவர்கள் விடைபெறும் நாளில் கொடுக்கும் வேட்டி, துண்டோடு இந்தத் தகவலையும் கொடுத்து, விண்ணப்பிக்க உதவுவது நம் கடமை. 10 பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்வோரில் பலர் முதலமைச்சர் திட்டத்துக்குத் தகுதியானவர்களாக இருப்பார்கள். வருமானச் சான்று வாங்க அவர்களுக்கு ஒருநாள் விடுமுறை தேவைப்படும். கொடுங்கள்.

முடிவாக

உறுப்பினர்கள் 58 வயதைத் தங்கள் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். அந்த ஆண்டு தமக்கும் துணைவியாருக்கும் ஆதாரில் உள்ள தேதியையும் செல்பேசி எண்ணையும் பார்த்துவிட வேண்டும். குடும்ப அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வருமான வரம்புக்குள் வருபவர் மாநிலத் திட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். வராதவர் 60-க்கு முன்பே பாலிசி எடுத்துவிட வேண்டும். 70 பிறக்கும் நாளை மகனிடமோ மருமகளிடமோ சொல்லி வைத்து, அந்த வாரமே அட்டைக்குப் பதிவு செய்துவிட வேண்டும். 58-ஐத் தாண்டியவர்களுக்கு இந்த ஆண்டே அந்த ஆண்டு.

புதுக்கணக்குப் போடும் நாளில் பேரேட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து "லாபம்" என்று எழுதுகிறோம். அதே பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த நாலைந்து தேதிகளையும் எழுதி வைத்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்க வேண்டிய கேள்விக்கு வீட்டிலேயே பதில் இருக்கும்.